மாமனார் உட்கார்ந்த வாய்க்கால்

பொக்லைன்காரர் எதற்கும் அஞ்சாதவர், மாமனாரைத் தவிர. மண் சரிந்த மலைச்சாலையில் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே மறு கையால் காது குடைவார். மாமனார் ஒரு செருமல் செருமினால் போதும், மனுஷன் காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு விறைத்து நிற்பார்.

அவருக்குப் பெண் கிடைத்ததே ஒரு வாய்க்காலால்தான். மலையுச்சியில் மாமனாருக்கு ஒரு சதுப்பு இருந்தது. செத்த பாசியும் கோரையும் மக்காமல் ஆள் உயரத்துக்குப் படிந்த கறுப்பு மண். மிதித்தால் மெத்தைபோல அமுங்கும். அதை வடித்து மாட்டுக்குப் புல்வெளியாக்கப் பெரியவருக்கு ஆசை. இளவட்டமாயிருந்த நம்மவர் நூல் பிடித்தாற்போல் ஒரு வாய்க்கால் வெட்டினார். அசந்துபோன பெரியவர் பெண்ணையே கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை பார்க்க இப்படியும் ஒரு வழி!

புல் வந்ததா? கொஞ்ச நாள் வந்தது. பிறகு மண் காய்ந்து தூளாகப் பறந்து, மாடு தும்மியதுதான் மிச்சம். மழையைக் குடித்து வைத்துக் கோடை முழுக்கக் கசியவிட்ட சதுப்பு வற்றியது. அதை நம்பி, மூவரும் சேர்ந்திருந்த வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஊற்றும் நின்றது. பெரியவர் அசரவில்லை. யார் வந்தாலும் மலையேற்றி, "எங்க மாப்ள வெட்டினது!" என்று காட்டுவார்.

இந்த வருஷம் சுற்றுச்சூழல் அதிகாரியம்மா வந்தார். மண் காயக் காய அதிலிருக்கும் கார்பனெல்லாம் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது, வாய்க்காலை அடைத்தால் பாசி திரும்பும் என்றார். நிலம் இப்போது பெரியவரின் மகள், அதாவது நம்மவர் மனைவி பேரில். அவள் உடனே சம்மதித்துவிட்டாள். அடைக்க யார்? வெட்டியவரேதான்.

வண்டி புதையாமலிருக்க மரக்கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் ஊர்ந்து போய்ப் பார்த்தால், வாய்க்காலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் குடையோடு மாமனார்.

"மாமா, எந்திரிங்க."

"என்னையும் சேத்து மூடுங்க மாப்ள. இதப் பாத்துத்தான் பொண்ணு குடுத்தேன். இது போச்சுன்னா நம்ம உறவும் போச்சு."

பொக்லைன்காரர் இன்ஜினை அணைத்தார். பெற்ற அப்பாவே அவரைத் தண்டச்சோறு என்றுதான் கூப்பிடுவார். அவர் செய்ததை ஊரைக் கூட்டிக் காட்டிய ஒரே ஆள் இந்தக் கிழவர்தான். அந்த மனுஷனை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் மனைவி, வேலையாட்களுக்கான தண்ணீர்க் குடத்தோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். குடத்தை நங்கென்று இறக்கினாள்.

"ஊத்து நின்னதுலேர்ந்து கீழ ரோட்டுக் குழாயிலதான் தண்ணி புடிச்சுத் தூக்கறேன். நீங்க குளிக்க, உங்க மாடு குடிக்க. வந்தவன் போனவனுக்கெல்லாம் வாய்க்கால காட்டினீங்களேப்பா, என் இடுப்பு என்ன ஆச்சுன்னு என்னிக்காவது கேட்டீங்களா?"

பெரியவர் குடையை மடக்கினார். பொக்லைன்காரர் மனைவியின் பக்கம் நியாயம் பேசப்போகிறவர்போல நிமிர்ந்து தலையாட்டினார்.

"நீங்க என்ன தலையாட்டறீங்க? நீங்க மட்டும் கேட்டீங்களா?"

வேலையை மேற்பார்க்க வந்திருந்த அதிகாரியம்மா மெல்ல இழுத்தார்: "ஊத்து திரும்ப வர்றதுக்குப் பல வருஷம் ஆகலாம்மா. வராமயும் போகலாம்."

"பரவால்ல மேடம், மூடுங்க. அதுவரைக்கும் தூக்க ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க."

வாய்க்கால் மூடப்பட்டது. மாமனார் இப்போது விருந்தாளிகள் யாரிடமும் மாப்பிள்ளைப் பெருமை பேசுவதில்லை. கோபமெல்லாம் இல்லை. இருவரும் ஆளுக்கொரு குடத்தோடு மேடேறி வந்து சேரும்போது, பேச மூச்சு இருப்பதில்லை.