தோற்ற ஆட்டத்துக்குக் கிளறிய கேசரி

அசரியா என்ற பெயரை ஞானசௌந்தரி முதன்முதலாகக் கேட்டது சர்ச்சில்தான், அதுவும் சபையே கூடியிருக்கும்போது. அதுவரைக்கும் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. அப்பாவுக்கு அவர் ‘ரயில்வே மாப்பிள்ளை’. பெரிய அத்தைக்குத் ‘தாம்பரத்துப் பையன்’. எண்பத்தொன்றாம் வருஷம், சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் அவள் வீட்டார் குடியிருந்த ஊரில், போதகர் கல்யாண ஓலை வாசித்தபோதுதான் பெயர் காதில் விழுந்தது. “இவர்கள் இணைவதற்கு யாருக்காவது தடை உண்டானால்” என்று அவர் நிறுத்திய நேரம் பார்த்துப் பெரிய அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. மொத்த சபையும் திரும்பிப் பார்த்தது. அத்தை கையை ஆட்டி, “ஒண்ணுமில்லீங்க, சளி” என்றாள். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத கல்யாண வீடு அந்தக் குடும்பத்தில் கிடையாது.

அசரியா தாம்பரத்து மின்ரயில் ஷெட்டில் பிரேக் பார்க்கிற ஃபிட்டர். முப்பத்துநாலு வருஷம் ரயிலை நிறுத்துவதே வேலை. அதிகம் பேச மாட்டார். ஒரே மகள் ஜெனியிடமும் அப்படித்தான். படிக்க வைத்தார், ஆல்வினுக்குக் கட்டிக் கொடுத்தார், இரண்டு பேரையும் விமானம் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். ஜெனி போன் பண்ணினால், “சாப்டியாம்மா? இந்தா, அம்மா கிட்ட குடுக்கறேன்” என்பதோடு சரி.

அது மாறியது எட்டு வருஷத்துக்கு முன்னால். ஜெனி டிக்கெட் அனுப்பி, இரண்டு பேரும் கனடா போனார்கள். சாஸ்கடூன் என்று ஊர். ஜனவரி மாதம். அசரியா மூன்று நாள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. நாலாம் நாள் ஜெனி அவரைக் கட்டாயப்படுத்திப் பக்கத்துக் கிளப்புக்கு அழைத்துப் போனாள். அங்கே ஐஸ் தரையில் கர்லிங் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஞானசௌந்தரிக்கு அது பெரிய கேரம் போர்டு மாதிரிதான் தெரிந்தது. இருபது கிலோ இருக்கும் கல்லை ஒருத்தி தள்ளி விடுகிறாள். கல் மெதுவாகப் போய் எதிர்ப்பக்கத்து வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். கையை விட்ட பிறகு கல்லைத் தொடக்கூடாது. இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி, பிரஷ்ஷால் ஐஸைத் தேய்க்கலாம். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அவ்வளவுதான் மனுஷர்கள் செய்ய முடிந்தது.

“இதுக்கு பிரேக்கே இல்லையே ஜெனி!” என்றார் அசரியா. அவர் கண் அப்படி விரிந்து ஞானசௌந்தரி பார்த்ததில்லை.

அன்றைக்கு ஜெனி இன்னொன்றும் சொன்னாள். ஓடுகிற கல்லில் பிரஷ் தெரியாமல் பட்டுவிட்டால், பட்டவளே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். வேறு யாரும் பார்த்திருக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அந்தக் கல் கணக்கில் வராது. அசரியாவுக்கு ஆட்டத்தைவிட இது பிடித்துப் போயிற்று. சிட்லபாக்கத்தில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து ஏரிக்கரையில் நடக்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். “தானே ஒத்துக்கறாங்க சார்! நம்ம ஊர் கிரிக்கெட்ல பாத்திருக்கீங்களா?”

பக்கத்து வீட்டு ராஜாராமன் விடுவாரா? “என்ன சார், தரை தொடைக்கிற மேட்ச் முடிஞ்சுதா? எங்க வீட்டு ஹாலும் அழுக்காத்தான் இருக்கு, ரெண்டு பிளேயரை அனுப்புங்க” என்பார்.

ஞானசௌந்தரியும் சேர்ந்துகொள்வாள். “கல்யாணமான நாள்லேந்து தொடப்பத்தைத் தொட்டதில்ல. இப்ப அடுத்தவங்க தேய்க்கறதைப் பாத்துத் தொண்டை கிழியக் கத்தறார்.”

ஆனால் மனசுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம் இங்கே விடிகாலை ஆறரைக்கு வரும். அந்த நாட்களில் குடும்ப ஜெபம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அசரியா தன் போனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து ஆட்டத்தை வைப்பார். ஞானசௌந்தரியின் போனில் ஜெனி இருப்பாள். அந்த ஊர் கிளப்பின் பெண்கள் டீம்தான் இவர்கள் கட்சி. நாலு பேருக்கும் அசரியா பெயர் வைத்திருந்தார். கேப்டன், நெட்டச்சி, கண்ணாடி, செம்பட்டை. “செம்பட்டை இன்னிக்கு சரியில்லம்மா, வீட்ல ஏதோ சண்டை போல” என்பார். ஜெனி விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பாவும் மகளும் நாற்பது வருஷத்துப் பேச்சை அந்த மேஜையில்தான் பேசித் தீர்த்தார்கள். டீம் ஜெயித்தால் ஞானசௌந்தரி கேசரி கிளற வேண்டும். கிண்ணத்தில் போட்டுப் போட்டோ எடுத்து ஜெனிக்கு அனுப்ப வேண்டும். அது வீட்டுச் சட்டம்.

போன நவம்பரில் ஜெனிக்குக் குடலில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் என்றார்கள். அசரியா பீரோவைத் திறந்து ஒரு பழுப்புப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். அது காலாவதியாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இனி எங்கே போகப் போகிறோம் என்று விட்டிருந்தார். ஞானசௌந்தரியுடையதும் அப்படியே. அன்றைக்கு அவர் மதியம் சாப்பிடவில்லை. அந்தப் பழுப்புப் பையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

புதுப் பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்குப் போட்டார்கள். காத்திருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஜெனி ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றாள். “நீங்க சொல்லுங்கப்பா, நான் கண்ணை மூடிக்கிட்டு கேக்கறேன்.” ஆல்வின் போனை அவள் தலையணை மேல் வைப்பான். கட்டிலுக்கும் ஆட்டம் நடக்கிற இடத்துக்கும் நாலு மைல்கூட இருக்காது. அவளுக்கு அந்த ஆட்டத்தைச் சிட்லபாக்கத்திலிருந்து அசரியா சொன்னார். “கேப்டன் கல்லை விட்டாச்சு. மெதுவாத்தான் வருது. தேய், தேய், தேய்! ஆ, போதும், விடுங்கடி!” பேசாத மனுஷன் இரண்டரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். ஞானசௌந்தரி காப்பியைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி வைப்பாள். ஜெனி ‘ம்’ என்றால் போதும், இரண்டு பேருக்கும் அன்றைய பொழுது ஓடும்.

பிப்ரவரியில் மாகாணத்து இறுதி ஆட்டம் வந்தது. அன்று ஜெனியின் ‘ம்’ ரொம்பச் சன்னமாக இருந்தது. “இன்னிக்கு ஜெயிக்கணும்ப்பா” என்று மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

கடைசிக் கல். வட்டத்தின் நடுவில் நின்றால் ஜெயம். செம்பட்டையும் நெட்டச்சியும் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். கல் சரியாகத்தான் போனது. திடீரென்று செம்பட்டை தேய்ப்பதை நிறுத்திக் கையைத் தூக்கினாள். பிரஷ் கல்லில் பட்டுவிட்டது என்று அவளே சொல்லிவிட்டாள். கல்லை ஓரமாக நகர்த்தினார்கள். எதிர்க்கட்சிக்காரிகள் வந்து அவளைக் கட்டிப் பிடித்தார்கள்.

அசரியாவின் வாய் திறந்தபடி இருந்தது. 

“அப்பா? என்னாச்சுப்பா?”

அவர் ஞானசௌந்தரியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

“ஜெயிச்சுட்டோம்மா” என்றார் அசரியா. “நடுவுலயே நின்னுடுச்சு. அசையல.”

“அம்மா, நிஜமாவா?”

“ஆமாண்டி. இதோ, அடுப்புல ரவையை வெச்சுட்டேன்” என்றாள் ஞானசௌந்தரி.

சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியுமா? போட்டோ போக வேண்டுமே. நெய் ஊற்றி, முந்திரி வறுத்து, கேசரி கிளறினாள். அசரியா பக்கத்தில் வந்து நின்றார். வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ இரண்டு தரம் கலங்கிப் போயிற்று, மூன்றாவதைத்தான் அனுப்பினாள். ஒரு கிண்ணம் ராஜாராமன் வீட்டுக்கும் போனது. “கங்கிராட்ஸ் சார்!” என்று அவர் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். அசரியா தலையை ஆட்டினார். வீட்டில் இரண்டு பேரும் அதை வாயில் வைக்கவில்லை.

மறுநாள் காலை ஜெனியே கூப்பிட்டாள்.

“கேசரி நல்லா இருந்துச்சாம்மா?”

“ம்… இருந்துச்சு.”

“அப்பா, நர்ஸ் நேத்து அந்த மேட்சுக்குப் போயிருந்தாப்பா.”

அசரியா கண்ணை மூடிக்கொண்டார்.

“யாரும் பாக்கலேன்னாலும் தானே ஒத்துக்கணும்னு ஊரெல்லாம் சொன்னீங்களேப்பா” என்றாள் ஜெனி. குரலில் கோபமில்லை, லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. “செம்பட்டையே கையைத் தூக்கிட்டா. நீங்க தூக்கலியே.”

“தப்புதாம்மா” என்றார் அசரியா. “மனசு கேக்கல.”



“நானும் தூக்கலப்பா. டாக்டர் சொல்லி பத்து நாள் ஆச்சு. எல்லாத்தையும் எடுக்க முடியலயாம். ஈரல்ல இருக்காம். ஆல்வினைத்தான் சொல்லாதேன்னு வெச்சிருந்தேன். இனிமே யாரும் மறைக்க வேணாம். என்ன?”

“சரிம்மா” என்றார் அசரியா.  அவர் கை மேஜை விரிப்பின் மேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தார். ஞானசௌந்தரி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. கடைசியில் விட்டுவிட்டாள்.

ஜெனியைச் சாஸ்கடூனில் அவள் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார்கள். ஹாலில் கட்டில் போட்டிருக்கிறான் ஆல்வின். ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இனி குளிர்காலத்தில்தான். அதனால் அசரியா பழைய ஆட்டங்களைப் போட்டு அவளுக்குச் சொல்கிறார். தோற்றதைத் தோற்றது என்றே சொல்கிறார். ‘ம்’ வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

இரண்டு பாஸ்போர்ட்டும் இன்னும் விசா ஆபீசில்தான் இருக்கின்றன. அசரியாவும் ஞானசௌந்தரியும் சிட்லபாக்கத்தில், வீட்டில் இருக்கிறார்கள்.