கடலில் விழுந்த அம்மணி

புதுப் பதிப்பில் கிரீஸ் வாசனை இல்லை. முதல் ஏமாற்றம் அதுதான். புத்தகக் கண்காட்சியில் அந்த நாவலின் இரண்டு பாகங்களையும் பளபள அட்டையோடு பார்த்ததும் வாங்கிவிட்டேன். வண்டிக்குத் திரும்புவதற்குள் பிரித்து முகர்ந்தும் பார்த்துவிட்டேன். வெறும் பசை வாசனை. நாங்கள் படித்த பழைய பிரதியில் மோட்டார் கிரீஸும் மழையில் நனைந்து காய்ந்த அட்டையும் கலந்த ஒரு மணம் இருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி நடைபாதையில் நின்று புத்தகத்தை மோந்து பார்ப்பதை இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏனென்று போகப்போகத் தெரியும். பழைய கடல் நாவல். எங்கோ ஒரு குளிர் நாட்டில் எழுதப்பட்டு, பல கை மாறித் தமிழுக்கு வந்தது. காணாமல் போன ஒரு கப்பலைத் தேடி இன்னொரு கப்பல் புறப்படுகிறது. இதற்கு ஆயிரத்துச் சொச்சம் பக்கம்.

பழைய பிரதியை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்தவர் பழனிச்சாமி அண்ணன். துடியலூரில் பம்ப்செட் கடை வைத்திருந்தார். ஒருமுறை எங்கள் வீட்டு மோட்டாரைக் கழற்ற வந்தவர், புத்தக அலமாரியைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்துபோனார். அன்று சாயங்காலம் வரைக்கும் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனால் எங்கள் வாசிப்புக் கூட்டம் பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மாடியில், புதுச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதற்காகக் காத்துக்கிடக்கும் மோட்டார்களுக்கு நடுவே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் பழனிச்சாமி அண்ணன். இன்னொன்றில் உக்கடத்தில் தையல் கடை வைத்திருந்த ரஹீமா அக்கா. ஊசியில் நூல் கோப்பவரைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார். மூன்றாவது அன்னூர் செல்வராஜ் அண்ணன். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு பஸ் ஏறி வருவார், வந்ததும் தூங்கிவிடுவார். எழுப்பினால், "கண்ணத்தான் மூடியிருக்கேன், காது தொறந்துதான் இருக்குதுங்க" என்பார். நான்காவது நான், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

பிரதி ஒன்றுதான். அடுத்த வாரம் யார் வாசிக்க வேண்டுமோ அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருவார், மற்றவர்கள் கேட்போம். முன்னால் படித்தவர் கதையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. இந்த விதிதான் எனக்கு ஆகாது. மகளின் பள்ளி வேன் ஐந்து நிமிடம் தாமதித்தால் தெருமுனைக்கு ஓடுகிற ஆள் நான். கதையிலும் அப்படித்தான்.

"யாரு சாகறாங்க, அத மட்டும் சொல்லிப்போடுங்கண்ணா. எப்படின்னு கேக்கமாட்டேன்."

"பரீட்சைக்கு முந்தி நீங்க கேள்வித்தாளக் குடுப்பீங்களா டீச்சர்?" என்பார் பழனிச்சாமி அண்ணன்.

அந்தக் கப்பலில் ஒரு சிறுமி வருவாள். சுக்கான் பிடிக்கும் கிழவரின் மகள். அப்பாவைப் பிரிய மாட்டேன் என்று கயிற்றுச் சுருளுக்குள் ஒளிந்துகொண்டு கப்பலேறியவள். அவள் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்த பழனிச்சாமி அண்ணன், "அம்மணின்னே வெச்சுக்கலாமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்பிள்ளையையும் கூப்பிடுகிற சொல். அன்று முதல் அவள் அம்மணி ஆனாள். என் மகள் மதிக்கு அப்போது ஒன்பது வயது. அம்மணிக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். இதற்கு மேல் எனக்கு என்ன காரணம் வேண்டும்?

ஒரு ஞாயிறு செல்வராஜ் அண்ணன் புயல் அத்தியாயத்தை வாசித்தார். சிக்கிய கயிற்றை அறுக்கப் பாய்மரத்தில் ஏறிய அம்மணி, அலையடித்துக் கடலில் விழுகிறாள். அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

"ஏனுங்க, இப்படி நிறுத்தலாமுங்களா?"

"எழுதுனவரே நிறுத்தியிருக்காரு டீச்சர். நான் என்ன பண்றதுங்க?"

புத்தகம் ரஹீமா அக்காவின் பைக்குள் போனது. நடுவாரத்தில் மதிக்குக் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. கணவர் ரத்தத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். டெட்டால் வாசனை அடித்த நடைவழி பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். 

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். ரஹீமா அக்கா பிளாஸ்கிலிருந்து கஞ்சியை ஊற்றிக் கையில் கொடுத்தார். நான் கேட்டது கதையை.

"புத்தகம் பையில இருக்குதுங்களாக்கா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு கண்ணு?"

"அவ பொழச்சாளா? அவ பொழச்சா மதியும் பொழச்சுக்குவாக்கா. எனக்கு அப்படித்தான் தோணுது."

நிகழ்தகவுப் பாடம் நடத்துகிறவள் பேசுகிற பேச்சா இது? யாரும் சிரிக்கவில்லை. ரஹீமா அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை விரித்து வாசித்தார். அம்மணியின் கணுக்காலில் கயிறு சுற்றியிருந்தது. இருட்டில் கயிறு கனப்பதை அவள் அப்பா உணர்ந்தார். ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். தளத்தில் கிடத்தியதும் தண்ணீரைக் கக்கிவிட்டு, "பசிக்குது" என்றாள். அக்காவின் தோளுக்கு மேலாகப் புத்தகத்தை எட்டிப் பார்த்த பழனிச்சாமி அண்ணன், "அப்படிப் போடுங்க!" என்றார்.  அன்றுதான் நான் கஞ்சி குடித்தேன்.

மதி பிழைத்தாள். வீட்டுக்கு வந்து, மெல்ல நடந்து, தோசைக்குச் சர்க்கரை கேட்டு அடம்பிடிக்கும் அளவுக்குத் தேறினாள். நானும் பம்ப்செட் கடை மாடிக்குத் திரும்பினேன். ஆனால் வாசிப்பில் என் முறை வரவே இல்லை. "நீ பாப்பாவப் பாரு கண்ணு. நாங்க படிக்கிறோம், நீ கேளு" என்றார் ரஹீமா அக்கா. என்ன நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாவலே வேறு மாதிரி ஆயிற்று. முதல் பாகத்தில் கயிறு பிடித்துக்கொண்டிருந்த அம்மணி இரண்டாம் பாகத்தில் எல்லாவற்றுக்கும் கைகொடுத்தாள். கப்பலின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப் நின்றுபோனது. அவள் குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் கல் மாட்டியிருக்கிறது என்றாள்.

"அந்தக் காலத்துலயே ஃபுட் வால்வு இருந்துச்சுங்களாண்ணா?"

பழனிச்சாமி அண்ணன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "மொழிபெயர்த்தவரு நம்ம பக்கத்துக்காரரு போலிருக்குதுங்க."

ஒரு தீவில் இறங்கியதும் அம்மணி மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து, "இதுல வாழை வரும், மஞ்சள் வராது" என்றாள். வாசித்தவர் செல்வராஜ் அண்ணன். ஆசிரியருக்கு விவசாயமும் தெரிந்திருக்கிறதே என்று வியந்தேன். "பெரிய ஆளுங்க டீச்சர். நாலு எடம் சுத்தியிருப்பாரு" என்றார். கிழிந்த கப்பல் பாயை அவள் இரட்டைத் தையல் போட்டுத் தைத்த அத்தியாயம் யாருடைய வாரத்தில் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு எதிலும் சந்தேகம் வரவில்லை. இத்தனை பேருடைய தொழிலையும் அறிந்த எழுத்தாளர் என்று பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் அவரைப் புகழ்ந்து தள்ளினேன்.

ஒரே ஒரு குறை. முடிவதற்குச் சற்று முன்பு, ஏதோ ஒரு துறைமுகத்தில் அம்மணி இறங்கிப் போய்விடுகிறாள். எனக்குக் கோபமான கோபம்.

"இத்தன தூரம் கூட்டிட்டு வந்து, பாதியில எறக்கி உட்டா என்னங்க அர்த்தம்?"

"அவளுக்கு அந்த ஊரு புடிச்சுப்போச்சுங்க" என்றார் பழனிச்சாமி அண்ணன். முகத்தைத் துண்டால் துடைத்தார்.

நாவல் முடிந்த பின் புத்தகத்தைக் கேட்டேன். தருகிறேன் தருகிறேன் என்று சில மாதங்கள் இழுத்தடித்தார். கடைசியில், "கரையான் தின்னுபோட்டுதுங்க டீச்சர்" என்றார். சுற்றிலும் இரும்பு மோட்டார்கள், கீழே சிமெண்ட் தரை. அங்கே கரையான் எப்படி வந்தது என்றுகூட நான் யோசிக்கவில்லை.

இப்போது மதிக்கு இருபத்து மூன்று. அடுத்த மாதம் வேலைக்காகப் புனே போகிறாள். அதற்குள் பம்ப் அத்தியாயத்தையாவது அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று போன வாரம் ஒரு மத்தியானம் புதுப் பிரதியின் இரண்டாம் பாகத்தைப் புரட்டினேன். தீவு வந்தது. பம்ப் வரவில்லை. அம்மணியும் வரவில்லை. சுருக்கிவிட்டார்கள் என்று பதிப்பகத்தைத் திட்டிக்கொண்டே முதல் பாகத்தை எடுத்துப் புயலுக்கு அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். விடியும்வரை தேடினார்கள், அவள் கிடைக்கவில்லை. அவள் அப்பா அதன் பிறகு கடைசிப் பக்கம்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் சுக்கான் பிடிக்கிறார்.

எங்கள் நாவலில் அந்தக் கிழவரும் அம்மணியும் ஓயாமல் பேசிக்கொண்டே வருவார்கள்.

எழுந்து மதியின் அறைக்கு ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தவளின் நெற்றியில் கை வைத்தேன்.

"என்னங்மா? எனக்கு ஒண்ணுமில்லீங்மா" என்று விழித்துக்கொண்டாள்.

ஒன்றுமில்லைதான். அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் பிழைக்க நான் போட்ட கணக்கு அப்போதே தப்பாகியிருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்தப் பயம் இத்தனை வருடம் கழித்து என்னிடம் வந்து சேர்ந்தது. 

ரஹீமா அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, அம்மணி அன்னிக்கே செத்துட்டாளாமே."

 "கரையான் தின்னாத பிரதி கெடச்சிருச்சா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"புத்தகத்துல அந்தப் பக்கத்துல அம்மணி செத்துக்கிட்டு இருந்தா கண்ணு. நீ என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தே. நான் எப்படிப் படிப்பேன்? பாப்பா ஊட்டுக்கு வந்ததும் சொல்லிப்போடலாம்னுதான் இருந்தோம். நீ படியேறி வந்ததும் வராததுமா, 'அம்மணி எப்படி இருக்கா'ன்னு கேட்டே. பழனிச்சாமி அண்ணன், 'நல்லா இருக்குதுங்க டீச்சர்'ன்னு சொல்லிட்டாரு. அப்புறம் என்ன பண்றது? சனிக்கிழமையானா மூணு பேருக்கும் போன்ல சண்டை. செல்வராஜ் அண்ணன் அவளுக்குத் தீவுல ரெண்டு ஏக்கர் வாங்கிக் குடுக்கலாம்னாரு."

"ஏங்க்கா பாதியில எறக்கி உட்டீங்க?"

"கடைசி அத்தியாயத்துல தப்பிச்சவங்க பேரையெல்லாம் கேப்டன் ஒவ்வொண்ணாக் கூப்பிடுவாரு. அதுல அவ பேரு இல்ல. சேத்துப் படிச்சிரலாம்னு நான் சொன்னேன். அந்த எடத்த மட்டும் தொடக்கூடாது, அது அவரு எழுதுனதுன்னு அண்ணன்தான் தடுத்துட்டாரு."

பழனிச்சாமி அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு இது தெரியாது. பம்ப்செட் கடை மாடியில் இப்போது உடற்பயிற்சிக்கூடம் நடக்கிறது. செல்வராஜ் அண்ணனின் தோட்டம் வீட்டுமனையாகிவிட்டது. அவர் இப்போது மகன் வீட்டோடு இருக்கிறார். நான் போனில் பெயர் சொன்னால், "எந்த டீச்சருங்க?" என்று கேட்கிறார்.

நேற்று மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செரி, புக்குல இல்லாத அம்மணியப் பத்திச் சொல்லுங்மா. மொதல்ல இருந்து" என்றாள். ஆரம்பித்தேன். பம்ப் வந்தது. மண் வந்தது. பாய் தைத்தது வந்தது. அதற்கு மேல் ஓடவில்லை. அப்பாவும் மகளும் அத்தனை பேசினார்களே, அதில் ஒரு வரியாவது? கடலில் பனிக்கட்டி மிதந்து வந்த அன்று அவள் ஏதோ சொல்ல, நாங்கள் நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே, என்ன சொன்னாள்? ரஹீமா அக்காவையும் கேட்டுப் பார்த்தேன். "நான் படிச்சதே எனக்கு மறந்துபோச்சு கண்ணு" என்றார். அவர்கள் எதையும் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. நானும் எதையும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. எல்லாம் புத்தகத்தில்தான் இருக்கிறதே, என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் இருந்துவிட்டேன்.