கன்னியம்மாளிடம் கேட்காத கேள்வி

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் கன்னியம்மாளின் மருமகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வெளுத்த என் புடவைகள் இரண்டை மேசைமேல் வைத்துவிட்டு, "அத்தை காலையில நம்மள வுட்டுட்டுப் பூட்டாங்க டீச்சர்" என்றாள். அவள் அழுது ஓய்ந்திருந்தாள். கன்னியம்மாளைப் பற்றி ஊர்ப் பெண்களான உங்களிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

மணிமங்கலத்தில் அவர் துணி வெளுக்காத வீடு குறைவு. மாதவிலக்குத் துணியைக் கொல்லையில் தனியாகப் போட்டு வைப்போம். வந்து எடுத்துப் போவார். ஊர்வம்பு அத்தனையும் வாய் நிறையப் பேசுகிறவர், எந்த வீட்டுத் துணியைப் பற்றியும் இன்னொரு வீட்டில் வாய் திறந்ததில்லை. உங்களுக்கெல்லாம் அது தெரியும்.

மாற்றலாகி வந்து இங்கே தனியாகக் குடியிருப்பவள் நான். நாற்பது வயதில் எனக்கு மாதவிலக்கு தாறுமாறானது. பதினைந்து நாளில் மறுபடி வரும், பத்து நாளானாலும் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும். கரும்பலகையில் நாலு வரி எழுதினால் மூச்சு வாங்கும். வயசுக் கோளாறு, தானாகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன். விசாரிக்க ஆளில்லாத வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் அவர் மூட்டையைத் தூக்காமல் நின்றார்.

"இன்னா டீச்சர், இந்த மாசத்துல இது ரெண்டாவது மூட்டை. மூஞ்சியில ரத்தமே இல்லாம கீது. டாக்டராண்ட போனீங்களா?"

"வெக்கமா இருக்கு கன்னியம்மா."

"வெக்கப்பட்டுக்கினு குந்திகினு இருந்தா ரத்தம் நின்னுடுமா? கெளம்புங்க."

மறுநாள் தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார். கர்ப்பப்பையில் கட்டி. இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்க வேறு யாரும் வரவில்லை.

கன்னியம்மாளுக்கு விலக்கு நின்று எட்டு வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் மறுபடி லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் வலி தாங்காமல் படுத்த பிறகுதான் புற்று என்று தெரிந்தது, முற்றிப்போயிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். "ரெண்டு சொட்டுதானே டீச்சர். ஒடம்பு சூடுன்னு நெனச்சுக்கினேன்" என்றார்.

எங்கள் துணியெல்லாம் அவர் கைக்குப் போயிற்று. அவர் துணியை அவரே துவைத்துக்கொண்டார். அதைப் பார்க்க ஒருவரும் இல்லை. வாராவாரம் என் வீட்டில் காப்பி குடித்தவரிடம், "உனக்கு உடம்பு எப்படியிருக்கு?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இப்போது வெட்கமில்லாமல் கேட்கிறேன். பள்ளிக்கூட ஆயாவிடம், கன்னியம்மாளின் மருமகளிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளிடம்கூட. "நாள் தப்பி வருதா? அதிகமாப் போகுதா? நின்ன பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் சொல்லு, டாக்டர்கிட்ட நான் கூட வரேன்."

கன்னியம்மாளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தக் கேள்வி ஒன்றுதான். அவரைத் தவிர எல்லோரிடமும் கேட்டுவிட்டேன்.