கழற்றி வைத்த தண்டை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டெக்சாஸில், ஹூஸ்டனுக்குத் தெற்கே குடியிருந்தோம். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். கத்தியைப் பற்றி எனக்குப் பயமில்லை. தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்களே, அதுதான். ஒரு தேதிக்கு ஆடி என்றேன், அடுத்ததற்கு நவராத்திரி என்றேன்.

"அடுத்து மார்கழியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மஞ்சக் கயிறாவது கட்டிக்கறேனே."

"கேட்டாச்சு. கழுத்துல எதுவுமே கூடாதாம். கழட்டினா எனக்கு ஒண்ணும் ஆயிடாது, பயப்படாதே."

"அபசகுனமாப் பேசாதீங்க!"

அந்தச் சனிக்கிழமை மகளின் பள்ளிக்கூட வேலைக்காக, பக்கத்தில் இருந்த சின்ன மியூசியத்துக்கு மூவரும் போனோம். அந்தக் காலத்தில் அங்கெல்லாம் கரும்புக் காடாம். கைதிகளை முகாமில் அடைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். முகாம் டாக்டர் இருந்த வீட்டில்தான் பழைய வைத்தியச் சாமான்களை வைத்திருந்தார்கள். மருந்துச் சீசாக்கள், எலும்பறுக்கும் ரம்பம். கடைசி அறையில் ஓர் இரும்புக் கட்டில். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, கனமாக ஒரு வளையம்.

"பாத்தியா, தண்டை! இங்கயும் கழட்டச் சொல்லித்தான் வாங்கி வெச்சிருக்காங்க. யார் வீட்டுப் பொண்ணோ, பாவம்" என்றேன்.

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, தட் இஸ் நாட் ஜுவல்லரி." பக்கத்தில் வைத்திருந்த விளக்க அட்டையைப் படித்துவிட்டு, எனக்காகத் தமிழில் தடுமாறினாள். "ப்ரிஸனர் கால்ல போடறது. புண்ணாயிடுச்சு. கழட்டினாதான் பாப்பேன்னு டாக்டர் சொன்னாராம்."

"அப்புறம்?"

"சரியானதும் திரும்ப மாட்டிட்டாங்க."

"பேர் போட்டிருக்கா?"

"நோ. ஜஸ்ட் எ நம்பர்."

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, புண் ஆறவே கூடாது என்று வேண்டியிருப்பானோ? பேர் தெரியாவிட்டால் என்ன, முருகனுக்குத் தெரியும். கண்ணை மூடி அவனுக்காக வேண்டிக்கொண்டேன்.

காரில் ஏறியதும், "தேதி வாங்கிடுங்க" என்றேன்.

"மார்கழி?"

"இருக்கட்டும்."

ஆபரேஷன் அன்று விடியற்காலையில் சாமி படத்துக்கு முன்னால் நானே கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண் விழித்தபோது நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்பதற்கு முன்னால் கழுத்தைத் தடவினேன்.

அவர் முடிச்சை அவிழ்த்தார். "மாட்டி விடட்டுமா?"

இப்படி அந்தக் கைதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மயக்கத்திலும் அதுதான் தோன்றியது. தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன்.