ஜானாவின் ஜாடி

எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் ஆர்லீன் கோஸ்கெலா. மிச்சிகனின் வடகோடி, சுற்றிலும் காடு. நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. அடுத்த மாவட்டத்தில் ஒரு பிள்ளை காணாமல் போனபோது, தேடுகிறவர்களிடம் கொடுக்க நல்ல புகைப்படம்கூட இல்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் பிள்ளைகளின் அடையாளங்களை எடுத்துவைக்கும் வேலையில் இறங்கினாள்.

வசந்தம் வந்தால் ஒரு சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மேசை போடுவாள். பிள்ளைகளின் விரல் ரேகை எடுப்பாள். உயரம், எடை, தழும்பு, மச்சம் எல்லாம் குறிப்பாள். நான் படம் பிடிப்பேன். கடைசியாகச் சுத்தமான துணித்துண்டு ஒன்றைப் பிள்ளையின் கழுத்திலும் அக்குளிலும் தேய்த்து, கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடித் தாயிடம் கொடுப்பாள். என்றைக்காவது மோப்ப நாய்க்குத் தேவைப்படலாம் என்று.

ஊருக்கு அது வேடிக்கை. "என்ன ஆர்லீன், இந்த வருஷமும் புள்ளைங்கள ஊறுகா போடுறியா?" என்பார் தபால்கார வெய்னோ.

"ஒன்னப் போட்டா ஜாடி வெடிச்சிரும், போய்யா."

ஒரு வருடம் மார்ஷா யுன்டுனென் தன் இரட்டைப் பெண்களைக் கூட்டிவந்தாள். ஜானா, ஜெசா. பெற்றவளே சில நேரம் பெயரை மாற்றிக் கூப்பிடுவாள். ஆர்லீன் ஒருத்தியை வெளியே நிறுத்திவிட்டு மற்றவளை உள்ளே அழைத்தாள். அவளை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்தவளைத் தொடுமுன் கையுறையை மாற்றினாள்.

"ரெண்டும் ஒரே அச்சு. ஒரு ஜாடி போதாதா?" என்று மார்ஷா சிரித்தாள்.

"தனித்தனியா எடுக்கணும்னுதான் செய்முறைத் தாள்ல போட்டிருக்கு. பேசாம இரு."

அவர்கள் போன பிறகு இரண்டு ரேகைச் சீட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி ஆர்லீன் வெகுநேரம் நின்றாள். "ஒரே வயித்துல ஒண்ணாக் கெடந்துச்சுங்க. ஒரு சுழிகூட ஒத்துப்போகல பாரேன்" என்றாள்.

இரண்டு கோடை கழிந்தது. வீட்டுக்குப் பின்னால் காட்டில் நீலப்பழம் பறிக்கப் போன இடத்தில் ஜானாவைக் காணவில்லை. ஊரே கூடிக் கத்திக் கூப்பிட்டது. மறுநாள் காலை நார்பர்ட் பெல்கி தன் மோப்ப நாயோடு வந்தார்.

"பொண்ணு மட்டும் போட்ட துணி எதுனா குடுங்க."

மார்ஷா அங்கேயே உடைந்துபோனாள். "அப்படி எதுவுமே இல்லையே! ரெண்டும் ஒரே கட்டில்ல படுக்குதுங்க. ஒரே சட்டைய மாத்தி மாத்திப் போடுதுங்க."

ஜெசா வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையணையைக் காட்டினால் நாய் அவளிடமே போய் நிற்கும்.

ஆர்லீன் மார்ஷாவின் தோளைப் பிடித்தாள். "ஜாடி எங்கடி வச்ச?"

ஜானாவின் பெயர் ஒட்டிய ஜாடி உறைபெட்டியில், மான் இறைச்சிக்கு அடியில் இருந்தது. நார்பர்ட் மூடியைத் திறந்தார். நாய் மூக்கை உள்ளே விட்டு நிதானமாக இழுத்தது. பிறகு நேராக ஜெசாவிடம் போயிற்று. மார்ஷா கண்களை மூடிக்கொண்டாள். நாய் குழந்தையின் முழங்காலை ஒரு முறை முகர்ந்தது. இவள் இல்லை என்பதுபோல் விலகித் தரையை முகர்ந்துகொண்டே காட்டை நோக்கி நடந்தது.

முந்தின நாள் ஊரே மிதித்துக் குழப்பிய தடம் அது. அத்தனை காலடிகளுக்கு அடியிலிருந்து அந்த ஒருத்தியை மட்டும் நாய் பிரித்தெடுத்துக்கொண்டு போயிற்று. நானும் ஆர்லீனும் பின்னால் ஓடினோம். ஓடையைத் தாண்டி, சாய்ந்து கிடந்த தேவதாருவின் வேர்க்குழியில் ஜானா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் நீலச்சாறு. நாய் முகத்தை நக்கியதும் விழித்து, "ஜெசா எங்க?" என்றாள்.

ஆர்லீன் ஈரப்பாசியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷப் பழைய துணி, நார்பர்ட். அதுல அப்படி என்னதான் இருந்துச்சு?"

"தெரியலம்மா. காலமெல்லாம் நாய்ங்களோட திரியுறேன். இன்னும் புரியல."

பள்ளி திறந்த அன்று நானும் ஆர்லீனின் பேருந்தில் டவுனுக்குப் போனேன். ஒவ்வொரு பிள்ளையும் படியேறி உட்காரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி கிளம்பவே நேரமாயிற்று. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"இரு, இரு," என்றாள் ஆர்லீன்.