வட்டிக்காரர் வீட்டுக்கு வந்த போதகர்

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். விருத்தாசலத்தில் இரண்டு பீங்கான் சூளை, ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர், எல்லாம் நான் கட்டியவை. நேற்று ஆலயத்தில், ஊர் ஒதுக்கிய பணக்காரன் சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனதும், அவன் ஏமாற்றி வாங்கியதைத் திருப்பித் தர முன்வந்த கதையைப் பிரசங்கித்தார்கள். பின்பக்கம் விருந்துக்குக் கறிக்குழம்பு கொதித்த வாசனையில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா அடகு பிடித்துப் பணம் சேர்த்தவர். போதகருக்கு ஞாயிறு சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வரும்; எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடும். “வட்டிக்காரன் வூட்ல யாரு கை நனைப்பாங்க?” என்பார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு ஞாயிறு போதகரின் சைக்கிளை மறித்தேன்.

“எங்க வூட்டுக்கும் வாங்கய்யா. கறிக்குழம்பு இருக்குது.”

“உங்கப்பா திட்டமாட்டாராடா?”

“நீங்க சாப்புட்டப்புறம் திட்டட்டுங்க.”

சிரித்துக்கொண்டே வந்தார். அப்பாவே பரிமாறினார். அன்று சாயங்காலமே அடகுப் பாத்திரங்களை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

போதகர்தான் அவரை மாற்றினார் என்று சபையில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். சைக்கிளை மறித்தவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.