அண்ணன் வைத்த சீட்டு

எங்கள் அடி அண்ணாமலையில் பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். கடைசியாக வந்து சேருகிறவன்தான் ஜெயித்தவன். நடுவில் கால் ஊன்றினால் அவுட். என் அண்ணன் நாலு வருஷம் தொடர்ந்து கடைசியாக வந்தான். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தட்டுகளில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறோம்.

போன வைகாசியில் மஞ்சள் காமாலை வந்து அவன் செத்துப்போனான். துணி, பாய், போர்வை எல்லாம் பதினாறாம் நாளுக்குள் வீட்டை விட்டுப் போய்விட்டன. சைக்கிள் மட்டும் வாசலில் நின்றது. வருஷம் திரும்புவதற்குள் அதையும் கீழ்பென்னாத்தூர் மாமாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று பங்குனி பிறந்ததும் அம்மா சொன்னாள்.

"மாமா பையன் ஓட்டுவான். நீ என்னா ஓட்டவா போற?"

"ஓட்டுவேன். செங்கம் ரோட்டுக்கு வேலைக்கே அதுலதான் போவேன்."

"கிழிச்ச. உங்கண்ணன் பின்னாடி குந்திக்கினு போனவதானடி நீ."

உண்மைதான். ஓட்டத் தெரியும், ஆனால் தைரியமாக ஓட்டியதில்லை.

"ஞாயித்துக்கெழம மாமா வராரு இல்ல? அன்னிக்கு ஏரிக்கரை முழுக்க கால் ஊனாம போயிட்டு வரேன். வந்துட்டா சைக்கிள் எனக்கு."

அம்மா உலையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

நல்ல தார் ரோடு என்றால் கிரிவலப் பாதைதான். ஆனால் சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலை சுற்றக் கூடாது. பாதி தூரம் போகக்கூட அம்மா விடமாட்டாள். அதனால்தான் ஏரிக்கரை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். சீட்டு அண்ணன் உயரத்துக்கு இருந்தது. நான் அவனைவிட ஒரு சாண் குள்ளம். ஸ்பேனர் சீட்டுக்கு அடியில் பையிலேயே இருந்தது. தொடவில்லை. அவன் வைத்தது அப்படியே இருக்கட்டும் என்று நுனிக்காலால் மிதித்தேன்.

ஏரியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. எருமைகளுக்குப் பின்னாலேயே கொக்குகள் நடந்தன. கரை நெடுக புங்கம்பூ பொரி சிந்தினாற்போல் கிடந்தது. அதன்மேல் மெதுவாகப் போனேன். மதகு பக்கம் ஆடு மேய்த்தவர் சிரித்தார்.

"எம்மா, என் ஆடே உன்னத் தாண்டிப் போவுது. கொஞ்சம் மிதிக்கிறது!"

"மெதுவாதான்ணா போவணும்."

சொன்ன பிறகுதான் அது அண்ணன் பேச்சு என்று தெரிந்தது. 'வேகமா போனா சைக்கிளே உன்ன இட்டுக்கினு போவும். மெதுவா போறப்பதான் நீ ஓட்டற' என்பான். அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். துடைக்காமலே ஓட்டினேன்.

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் வரைக்கும் போய்த் திரும்பும்போது வண்டி சாய்ந்தது. கால் ஊன்றப் பார்த்தேன். எட்டவில்லை. அப்படியே விழுந்தேன். முழங்கை சிராய்ந்துவிட்டது.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்த நாளிலிருந்து வராத கோபம். நீ போயிட்ட, எனக்குக் கால் எட்டாம வச்சிட்டுப் போயிட்ட என்று கத்தினேன். ஆடு மேய்த்தவர் தூரத்தில் இருந்தார். கேட்டிருந்தாலும் கேட்கட்டும்.

ஸ்பேனரை எடுத்தேன். நட்டு துருப்பிடித்திருந்தது. கல்லால் நாலு தட்டு தட்டியதும் அசைந்தது. சீட்டை என் இடுப்பு உயரத்துக்கு இறக்கி, நட்டை முறுக்கினேன். அண்ணன் உயரம் குழாய்க்குள்ளே போய்விட்டது.

அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு கரையின் ஆரம்பத்துக்கே திரும்பி வந்தேன். மறுபடியும் முதலிலிருந்து ஏறினேன். மதகு, கலங்கல், திரும்பி மதகு. இந்தத் தடவை கால் எட்டும் என்று தெரிந்ததால் ஊன்றத் தேவைப்படவில்லை. அவசரப்படவும் இல்லை.

வீட்டில் மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா என் முழங்கையைப் பார்த்தாள்.

"ஊனிட்டியா?"

"விழுந்துட்டேன். அப்புறம் முதல்ல இருந்து போனேன். ஊனல."

மாமா எழுந்து வந்து சீட்டைத் தட்டிப் பார்த்தார். "என்னா இவ்ளோ எறக்கி வச்சிருக்க? என் பையனுக்கு ஏத்தணும். அந்த ஸ்பேனரக் குடு."

நான் கொடுக்கவில்லை.

"ஏத்தாத," என்றாள் அம்மா. "நாளைக்கு அவ வேலைக்குப் போவணும்."

"என்னாக்கா இது? சைக்கிள்ல போயிடலாம்னு வந்தேன். இப்ப நான் எப்படி போறது?"

"வந்த பஸ்லயே போ."